ஆலந்தூரில் விமான இரைச்சல்: எந்த ஜன்னல், எப்படிப் புகார்?

கேள்வி: மாடி வீடு, அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். ராத்திரி விமானம் இறங்கும்போது தூக்கம் கெடுகிறது. ஜன்னல் மாற்றினால் குறையுமா? போன் செயலியில் 85 டெசிபெல் காட்டுகிறது, புகாருக்கு அது போதுமா?

பதில் 1: ஸ்லைடிங்தான் வில்லன் சார். ஓரத்தில் இடைவெளியை மூட வைத்திருக்கும் பிரஷ் பட்டை வழியாகச் சத்தம் தாராளமாக உள்ளே வரும். கீல் வைத்துத் திறக்கும் யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) கேஸ்மென்ட் ஜன்னல், ரப்பர் சீல், 6.38 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி (நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) போடுங்க. பட்ஜெட் இருந்தால் பழைய ஜன்னலை எடுக்காமல், உள்பக்கம் 100 மி.மீ. இடைவெளி விட்டு இரண்டாவது ஜன்னல்; அது இன்னும் நல்லது. ஆனால் மேலே வென்டிலேட்டரைத் திறந்து வைத்தால் அத்தனையும் தண்டம். ஏசி பைப் துளையையும் அடைக்கணும். சுவரில் தெர்மாகோல் ஒட்டச் சொன்னால் நம்பாதீங்க, அது சத்தத்தைத் தடுக்காது.

பதில் 2: 85 என்பது உச்சம். பெரிய விமான நிலையங்களுக்கான மத்திய அரசின் 2018 வரம்பு பகலில் 70 டெசிபெல், இரவில் (10 முதல் 6 வரை) 65. இரண்டுமே சத்தத்தின் ஆற்றலை வைத்துப் போடும் சராசரிக் கணக்கு, எண்களைக் கூட்டி வகுப்பதல்ல. பத்து நிமிடத்துக்கு ஒரு விமானம், 20 வினாடி 85 என்றால் சராசரி சுமார் 70. அதாவது இரவு வரம்பைத் தாண்டும். செயலி அளவை ஏற்கமாட்டாங்க, அளவுத்திருத்தம் செய்த மீட்டர் வேணும். தேதி, நேரம், விமான எண், ஏறியதா இறங்கியதா என்று குறிச்சு வையுங்க. மேற்கிலிருந்து காற்றடித்தால் உங்க தலைக்கு மேல் இறங்கும். கிழக்குக் காற்றில் ஏறும்.