பிங் போகிறது, பக்கம் மட்டும் பாதியில் நிற்கிறது: உதவி தேவை

கேட்டவர்:
மூன்று நாளாக மண்டை காய்கிறது. பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியை ரவுட்டராக வைத்தேன். மோடம் பிரிட்ஜ் மோடில் (வெறுமனே கடத்திவிடும் நிலையில்) இருக்கிறது, பிபிபிஓஇ இணைப்பை, அதாவது பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்துச் சேவை நிறுவனத்தோடு இணைவதை, போடுவது இந்தப் பெட்டிதான். அன்றிலிருந்து லேப்டாப்பில் சில தளங்கள் சட்டென்று திறக்கின்றன, சில தளங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால் வீடியோ மட்டும் ஜோராக ஓடுகிறது.

பிங்கில் ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை. டிஎன்எஸ்ஸில் தளத்தின் பெயரைத் தேடும் டிக் கட்டளை சரியான முகவரியைத் தருகிறது. பக்கத்தைக் கட்டளை வரியில் எடுக்கும் கர்ல் -வி போட்டால் இணைப்பு கிடைக்கிறது, கிளையன்ட் ஹலோ (பாதுகாப்பு இணைப்பின் முதல் செய்தி) போகிறது, அதோடு சரி. வெளி சர்வர் ஒன்றில் உள்நுழைய எஸ்எஸ்எச் -வி போட்டால் கீ எக்ஸ்சேஞ்ச் பதிலை எதிர்பார்க்கும் வரியில் உறைந்துவிடுகிறது. வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரையும் சோதிக்கும் எம்டிஆர் நான்காவது ஹாப்பில் (ரவுட்டரில்) 40% லாஸ் காட்டுகிறது. அதுதான் காரணமா?

பதில் 1:
டிஎன்எஸ் மாற்றிப் பாருங்கள் ப்ரோ.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். அதே கதைதான்.

பதில் 2:
டிக் ஒழுங்காகப் பதில் தரும்போது டிஎன்எஸ் மேல் பழி போட வேண்டாம். நான்காவது ஹாப்பையும் மறந்துவிடுங்கள். கடைசி ஹாப்பில் லாஸ் இல்லையே? அப்படியென்றால் நடுவில் இருக்கும் ரவுட்டர் பாக்கெட்டை ஒழுங்காகக் கடத்துகிறது, எம்டிஆருக்குப் பதில் போடத்தான் கஞ்சத்தனம் செய்கிறது. எம்டிஆர் படம் பார்த்துப் பயப்படுபவர்களில் பாதிப்பேர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று, ரவுட்டர் பெட்டிக்குள் போய் அதே கர்லை அடியுங்கள். இன்னொன்று, லேப்டாப்பிலிருந்து பிங் -எம் டூ -எஸ் 1472. எம் பெரிய எழுத்து. விண்டோஸ் என்றால் பிங் -எஃப் -எல் 1472. 1472 பைட் டேட்டாவை உடைக்காமல் அனுப்பச் சொல்வது இது.

கேட்டவர்:
அட, பெட்டிக்குள் கர்ல் முழுப் பக்கத்தையும் கொண்டுவந்துவிட்டது! லேப்டாப்பில் 1472 போட்டால் "ஃப்ராக் நீடட் அண்ட் டிஎஃப் செட், எம்டியூ = 1492" என்கிறது. 1464 போட்டால் போகிறது.

பதில் 2:
பிடிபட்டது. எம்டியூ என்றால் ஒரு இணைப்பில் உடைக்காமல் போகக்கூடிய மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு. 1464 பைட் டேட்டா, ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் செய்திகளும் போகும் நெறிமுறை) ஹெடர் 8, ஐபி ஹெடர் 20. கூட்டினால் 1492. ஈதர்நெட்டின் 1500 பைட்டில் 8 பைட்டை பிபிபிஓஇ எடுத்துக்கொள்கிறது.

உங்கள் பெட்டிக்கு அது தெரியும், அதனால் எம்எஸ்எஸ் (ஹெடர்கள் போக ஒரு டிசிபி பாக்கெட்டில் ஏற்கும் அதிகபட்ச டேட்டா) 1452 என்று சொல்லி இணைகிறது. லேப்டாப்புக்குத் தெரியாது, 1460 என்கிறது. அதை நம்பி எதிர் சர்வர் 1500 பைட் பாக்கெட் அனுப்புகிறது. இணையச் சேவை நிறுவனத்தின் பக்கத்து ரவுட்டரால் அதை உள்ளே விட முடியாது, "பெரிதாக இருக்கிறது, உடைத்து அனுப்பு" என்று ஐசிஎம்பி அனுப்பும். ஐசிஎம்பி என்றாலே ஆபத்து என்று மொத்தமாக அடைத்து வைத்திருக்கும் சர்வருக்கு அந்தத் தகவல் போய்ச் சேராது. அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். சான்றிதழ், எஸ்எஸ்எச் சாவி மாதிரி கனமான பதில் வரும் இடத்தில் எல்லாம் நின்றுபோவது இதனால்தான்.

வீடியோ ஓடுவது அநேகமாக க்விக் வழியாக இருக்கும். அது டிசிபி இல்லை, யூடிபி மேல் ஓடும் நெறிமுறை, தன் பாக்கெட் அளவைத் தானே சோதித்துத்தான் கூட்டும்.

கேட்டவர்:
லேப்டாப்பில் ஐபி லிங்க் செட் மூலம் எம்டியூ 1492 கொடுத்தேன், எல்லாமே திறந்துவிட்டது. ஆனால் ஃபோன், டிவி எல்லாவற்றிலும் போய் மாற்ற வேண்டுமா?

பதில் 3:
வேண்டாம். ரவுட்டரிலேயே எம்எஸ்எஸ் கிளாம்ப் செய்யுங்கள், அதாவது கடந்துபோகும் இணைப்புகளில் அந்த எண்ணைக் குறைத்து எழுதச் சொல்லுங்கள். ஃபயர்வால் ஐபிடேபிள்ஸ் என்றால் டிசிபிஎம்எஸ்எஸ் டார்கெட், கிளாம்ப் எம்எஸ்எஸ் டு பிஎம்டியூ. என்எஃப்டேபிள்ஸ் என்றால் ஃபார்வர்ட் செயினில்: டிசிபி ஃப்ளாக்ஸ் சின் டிசிபி ஆப்ஷன் மேக்ஸ்செக் சைஸ் செட் ஆர்டி எம்டியூ.

கேட்டவர்:
என்எஃப்டி ஆட் ரூல் போட்டு, லேப்டாப்பைப் பழையபடி 1500-க்கு மாற்றினேன். மறுபடியும் தொங்குகிறது.

பதில் 2:
ஆட் போட்டால் ரூல் கடைசியில் போய் உட்காரும். அதற்கு முன்பே ஏதாவது ஒரு அக்செப்ட் ரூல் இணைப்பைத் தொடங்கும் அந்த சின் பாக்கெட்டை அனுப்பிவிட்டிருக்கும். இன்சர்ட் போட்டு மேலே ஏற்றுங்கள். அப்புறம் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை உள் இன்டர்ஃபேஸில் ஒன்று, வெளியே போகும் பிபிபி0-வில் ஒன்று ஓடவிட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
உள்ளே எம்எஸ்எஸ் 1460, வெளியே 1452. எஸ்எஸ்எச் ஒரே அடியில் உள்ளே போய்விட்டது! கான்ஃபிக் ஃபைலிலும் எழுதிவைத்து ரீபூட் செய்து பார்த்தேன், ரூல் அழியாமல் அப்படியே இருக்கிறது. இழையை முடித்துக்கொள்ளலாம்.