காஃபீன் கரைதிறன்: மூலக் கட்டுரைகள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே, குன்னூரிலிருந்து எழுதுகிறேன். தேயிலைக்கு நடுவில் வளர்ந்தவன். தண்ணீரில் காஃபீன் எவ்வளவு கரையும் என்று இதுவரை வெளியான அளவுகளைத் தொகுத்து, எதை நம்பலாம் என்று மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஐயுபேக் (IUPAC) என்ற பன்னாட்டு வேதியியல் அமைப்பு 1979 முதல் வெளியிட்ட கரைதிறன் தொகுதிகளின் வழிதான்: முதலில் ஒவ்வொரு கட்டுரையையும் தனித்தனியாகப் பதிவது, அப்புறம் ஒப்பிடுவது.

25 டிகிரியில் 100 மில்லிக்குச் சுமார் 2 கிராம். இதில் பெரிய சிக்கல் இல்லை. சூடு ஏறும்போதுதான் தலைவலி. 'கொதிநீரில்' என்று மட்டும் போட்டால் எப்படி? எங்கள் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அதோடு, காஃபீன் நீரேறிய படிகமாகவும் இருக்கும், நீரில்லாமலும் இருக்கும். அடியில் தங்கிய திண்மம் எது என்று சொல்லாத அளவை எங்கே சேர்ப்பது? நேற்று ஒரு அட்டவணையோடு இரவெல்லாம் மல்லுக்கட்டினேன். '100 கிராமில் இவ்வளவு' என்று போட்டிருக்கிறார்கள், அந்த 100 கிராம் என்பது கரைசலா, வெறும் தண்ணீரா என்றே அதில் இல்லை.

பழைய ஜெர்மன் ஆய்விதழ்களின் நகல் வைத்திருப்பவர்கள், ஜெர்மன் படித்துச் சொல்லக்கூடியவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கையேட்டு எண்கள் வேண்டாம், பல கையேடுகள் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியவை. அளந்தவரே எழுதிய கட்டுரை ஒன்று கிடைத்தாலும் போதும்.