அல்சருக்கு மாத்திரை போட்டும் வலி திரும்ப வருவது ஏன்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 56. எட்டு மாதங்களாக நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சலோடு வலி இருக்கிறது. வெறும் வயிற்றிலும் பின்னிரவிலும் கூடுகிறது, ஏதாவது சாப்பிட்டால் தணிகிறது. மருந்துக்கடையில் வாங்கிய ஒமெப்ரசோல் போடும் வரை நலமாக இருக்கிறார், நிறுத்திய சில வாரங்களில் வலி திரும்பிவிடுகிறது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கும் அடிக்கடி எடுத்துக்கொள்கிறார். காரத்தையும் புளியையும் அறவே விட்டுவிட்டார். இன்னும் என்ன செய்ய வேண்டும்?

பதில் 1:
ஒமெப்ரசோல் அமிலச் சுரப்பைக் குறைத்துப் புண் ஆற இடம் கொடுக்குமே தவிர, புண்ணை உண்டாக்கிய காரணத்தை நீக்காது. குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான்: ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி, அல்லது டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள். உங்கள் அம்மாவுக்கு இரண்டாவது காரணம் கண்ணெதிரே இருக்கிறது, முதலாவதும் சேர்ந்திருக்கலாம். காரம் எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் புண்ணை உண்டாக்குவதில்லை. இந்தக் கிருமி யூரியேஸ் என்னும் நொதியால் அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு இரைப்பையிலேயே வாழ்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் இதை வளர்த்துக் காட்டியபோது பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும் நம் வீடுகளில் பழி மிளகாய் மீதே விழுவது எனக்கு வருத்தமளிக்கிறது. இந்த வயதில், இத்தனை மாத வலிக்கு, எண்டோஸ்கோப்பி (வாய் வழியே கேமராக் குழாயைச் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் சோதனை) செய்து பார்ப்பதே முறை.

பதில் 2:
எனக்கு இந்தக் கிருமி இருந்து குணமானது. அமிலம் குறைக்கும் மாத்திரையோடு ஆன்டிபயாடிக்குகளையும் சேர்த்து 14 நாட்கள் கொடுத்தார்கள். வாய்க்கசப்பும் குமட்டலும் தாங்க முடியாமல் ஐந்தாம் நாளே நிறுத்தத் தோன்றியது. ஆனால் பாதியில் விட்டால் மிஞ்சும் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால் முடித்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒமெப்ரசோல் போட்டுக்கொண்டே சோதனை செய்தால், கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். மூச்சுச் சோதனைக்கும் மலச் சோதனைக்கும் இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள். மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அடுத்த வாரம் அழைத்துச் செல்கிறேன். மூன்று நாட்களாக மலம் கறுப்பாகப் போகிறது, கொஞ்சம் தலைசுற்றலும் இருக்கிறது என்று அம்மா இப்போதுதான் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரை எதுவும் எடுக்கவில்லை.

பதில் 1:
அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை இல்லாமல் மலம் கறுத்து, தலையும் சுற்றினால், புண்ணிலிருந்து இரத்தம் கசிவதாகவே கருத வேண்டும். டைக்ளோஃபெனாக்கை உடனே நிறுத்திவிட்டு, இன்றிரவே அவசரச் சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.