புதுப்பிப்பு: அக்கா பொண்ணுக்கு ழகரம் வந்துருச்சு

போன தடவ கேட்டிருந்தேன்ல, குடியாத்தத்துல அக்கா பொண்ணு வாழப்பழத்த வாயப்பயம்னு சொல்றா, பேச்சுப்போட்டி வருது, எப்படி பழக்கலாம்னு. இப்ப நல்லாவே வருதுங்க! நம்ம வேலூர் பக்கம் வீட்ல பேசும்போது பாதி பேருக்கு யகரம்தான், அது தப்பே இல்ல, மேடைக்கு வேணும்னு அவளே ஆசப்பட்டா. ளகரத்துக்கு நாக்கு நுனி மடிஞ்சு மேலண்ணத்த தொடும், ழகரத்துக்கு கிட்ட போய் தொடாம நிக்கணும், அந்த சின்ன இடைவெளிதான் கஷ்டமே. மெதுவா தனிச்சொல்லா ஆரம்பிச்சு அப்புறம் வாக்கியமா சொல்ல வச்சோம். பழகப் பழக அசைவு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆகுது, உதடு தாடை அசைவ அளந்து பாத்த ஆராய்ச்சியாளருங்க, பெரியவங்க அளவுக்கு அது நிலைக்க 16 வயசுக்கு மேலயும் ஆகும்னு சொல்றாங்க, அதனால பசங்கள அவசரப்படுத்தாதீங்க ப்ளீஸ். ஸ்பீடா பேசுனா இன்னும் யகரம் எட்டிப் பாக்குது, அடுத்து அதத்தான் பாக்கணும்.