மேட்டில் எத்தனை வாட்?

*ஞாயிறு*

கதிர்: புது வாட்ச் கட்டிக்கொண்டு இன்று முதல் ஓட்டம். மெதுவாகத்தான் ஓடினேன். சராசரி பவர், அதாவது ஓடும்போது நான் போடும் உழைப்பின் அளவு, 215 வாட் என்று காட்டுகிறது. இதை வைத்து என்ன செய்வது, செந்தில் அண்ணா?

செந்தில்: இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் தம்பி. இரண்டு வாரம் வழக்கம்போல் ஓடு. சமதளத்தில் எவ்வளவு, மேட்டில் எவ்வளவு என்று மட்டும் கவனித்துக்கொள். உன் எடையைச் சரியாகப் பதிந்தாயா? அது தப்பாக இருந்தால் வாட்டும் தப்பாகத்தான் வரும்.

கதிர்: பதிந்துவிட்டேன் அண்ணா.

மீனா: நாடித்துடிப்பைப் பார்த்து ஓடினால் போதாதா தம்பி?

செந்தில்: அதுவும் வேண்டும் அக்கா. ஆனால் துடிப்பு தாமதமாகத்தான் ஏறும். மேட்டில் கால் வைத்ததுமே உழைப்பு கூடிவிடும். துடிப்பு அதைக் காட்டுவதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும். வாட் சில நொடிகளில் காட்டிவிடும். போன வருடம் ஒரு அரை மராத்தானில், மேட்டிலும் அதே வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கடைசி 5 கிலோமீட்டர் பாதி நடைதான். அடுத்த ஓட்டத்தில் வேகத்தை விட்டுவிட்டு வாட்டை ஒரே அளவில் வைத்தேன். மேட்டில் பலர் என்னைத் தாண்டிப் போனார்கள், மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கடைசி வரை ஓடியே முடித்தேன்.

ரவி: கதிரோடு ஓடிய எனக்கு 250 காட்டியது. நான்தான் அதிகம் உழைத்தேனா?

செந்தில்: அப்படிச் சொல்ல முடியாது ரவி. உங்கள் எடை வேறு, வாட்ச் கம்பெனியும் வேறு. சைக்கிளில் பெடல் மீது விழும் விசையை நேராக அளப்பார்கள். ஓட்டத்தில் அசைவு, வேகம், ஏற்றம், எடையை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. அவரவர் எண்ணை அவரவரின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

*இரண்டு வாரம் கழித்து*

கதிர்: அண்ணா, எவ்வளவு வாட் வரை தாங்குவேன் என்று பார்க்க நீங்கள் சொன்ன டெஸ்ட் முடித்தேன். நன்றாக வார்ம்அப் செய்துவிட்டு 3 நிமிடம் முழு மூச்சாக: 300 வாட். அரை மணி நேரம் ஓய்வு. பிறகு 9 நிமிடம்: 260 வாட்.

செந்தில்: அருமை! 260-ஐ 9-ஆல் பெருக்கினால் 2340. 300-ஐ 3-ஆல் பெருக்கினால் 900. கழித்தால் 1440. அதை 6-ஆல் வகுத்தால் 240. இதுதான் உன் கிரிட்டிக்கல் பவர். இதற்கு மேலே போனால் ரொம்ப நேரம் தாங்காது.

கதிர்: அப்படியென்றால் மெதுவான ஓட்டம்?

செந்தில்: 240-இல் 65 முதல் 80 சதவீதம். 156-இலிருந்து 192 வாட் வரை.

கதிர்: அன்றைக்கு 215-இல் ஓடினேனே!

செந்தில்: ஆமாம், கிட்டத்தட்ட 90 சதவீதம். மெதுவான நாள் என்று நினைத்துக்கொண்டு கடினமாக ஓடியிருக்கிறாய். வாரம் முழுக்கக் கால் வலிக்கிறது என்றாயே, இதுதான் காரணமாக இருக்கும். முதலில் இந்த ஒன்றைச் சரிசெய்.

கதிர்: சரி அண்ணா. நாளைக்கு 180-ஐத் தாண்ட மாட்டேன். மேட்டில் நடக்க வேண்டி வந்தாலும் சரி.

மீனா: நானும் வருகிறேன் தம்பி. உன் மெதுவான ஓட்டத்தில் எப்போதும் பின்தங்கிவிடுவேன், நாளைக்காவது சேர்ந்து ஓடலாம்.