நாய்க்கு வேஷம் போட்ட படம், எனக்கு ஏன் பயம் வந்தது?

கேள்வி:
நேற்றிரவு ‘தி கில்லர் ஷ்ரூஸ்’ பார்த்தேன், 1959இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். புயலில் ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களை ராட்சத மூஞ்சூறுகள் வேட்டையாடுகின்றன. ஓடிவருவது நாய்தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முதுகில் ஏதோ சடையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், வாலை ஆட்டாத குறைதான். விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அவை வீட்டுச் சுவரைக் குடையத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய் விளக்கைப் போட்டேன், இந்த வயதில்! ஏன் இப்படி?

பதில்:
சத்தம்தான். ஒலித்தொகுப்பு வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு அதுதான் முதலில் படும். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது நாய் என்று காதுக்குத் தெரியாது. பல் தெரியும் நெருக்கக் காட்சிகளில் நாயே இல்லை, கையில் மாட்டி ஆட்டும் பொம்மை. இயக்குநர் ரே கெல்லாக் ஃபாக்ஸ் நிறுவனத்தில் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். வித்தை தெரியாமல் இல்லை, காசு இல்லை. டெக்சாஸில் எடுத்து, ‘தி ஜயன்ட் கிலா மான்ஸ்டர்’ படத்தோடு ஜோடியாக டிரைவ்-இன் தியேட்டர்களுக்கு விட்டார்கள். அதில் நிஜப் பல்லி ஒன்றைப் பொம்மைச் செட்டுக்குள் நடக்கவிட்டிருப்பார்கள். பாவம், அது வெயில் காய வந்தது மாதிரி இருக்கும். அதற்கு நம் நாய்கள் எவ்வளவோ மேல்.

பதில்:
பசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிஜ மூஞ்சூறுகள் பலவும் சில கிராம்தான் இருக்கும், ஆனால் சில மணி நேரம் இரை கிடைக்காவிட்டால் செத்துப்போகும் இனங்கள் உண்டு. வட அமெரிக்கக் குட்டைவால் மூஞ்சூறின் எச்சிலில் உண்மையிலேயே விஷம் இருக்கிறது. அதை நாய் அளவுக்கு ஊதிவிட்டால் ஒரு கீறலே போதும். வேஷம் கேவலம், ஆனால் கதை எழுதியவர் சரியான பிராணியைத்தான் பிடித்திருக்கிறார்.

பதில்:
காலிப் பீப்பாய்களைக் கவிழ்த்துச் சேர்த்துக் கட்டி, உள்ளே குந்தியபடியே கடற்கரைக்கு நகர்வார்களே, அதைச் சொல்லாமல் விட்டீர்களே! ஆளுக்கு ஒரு பீப்பாய், நாலு பக்கமும் மூஞ்சூறு. எனக்கு மூச்சு முட்டியது அங்கேதான்.

கேட்டவர்:
சத்தத்தை அணைத்துவிட்டு அந்தச் சுவர்க் காட்சியை மறுபடி போட்டேன். சிரிப்பு திரும்பிவிட்டது, ஒலித்தொகுப்பாளர் சொன்னது சரி. ஆனால் பீப்பாய்க் காட்சிக்குச் சத்தம் இல்லாமலும் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.