பதில்: 'ஸ்டேவ் சர்ச்' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம். நார்வேயின் பழைய மரத் தேவாலயங்களை ஆங்கிலத்தில் 'ஸ்டேவ் சர்ச்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது வந்த ஒரு யோசனைக்கு என் பதில் இது.

> ஸ்டேவ் என்றால் பீப்பாய் செய்யும் பலகை. 'பலகைத் தேவாலயம்' போதுமே.

எனக்கு இதில் உடன்பாடில்லை, ஐயா. ஆங்கிலச் சொல்லை வைத்துப் பொருள் தேடினால் பீப்பாய்க்குத்தான் போவோம். நார்வேக்காரர்கள் சொல்லும் 'ஸ்டாவ்' நிமிர்ந்து நிற்கும் மரத்தூண்.

அமெரிக்காவில், தெற்கு டகோட்டாவின் ரேப்பிட் சிட்டியில் இப்படிப்பட்ட தேவாலயத்தின் நகல் ஒன்று இருக்கிறது. நார்வேயின் போர்குண்ட் தேவாலயத்தைப் பார்த்து, அங்கிருந்து வரைபடம் பெற்று 1969இல் கட்டியது. சென்ற மாதம் போயிருந்தேன். வெளியே அடுக்கடுக்கான கூரையும் முகட்டில் நீளும் டிராகன் தலைகளும்தான் கண்ணில் படும். உள்ளே போனால் அரையிருட்டு. அண்ணாந்து பார்த்தால் தூண்கள், அவற்றுக்கிடையே பெருக்கல் குறிபோலக் கட்டைகள். கட்டடமே அந்தத் தூண்கள்தான் என்று அப்போது உறைத்தது.

சரி, தூண் என்றே விட்டுவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல். இதற்கு முந்தைய மரத் தேவாலயங்களில் தூணை மண்ணில் குழிதோண்டி நட்டார்கள். ஈரத்தில் அடி இற்றுப்போனது. அப்புறம்தான் கல் அடித்தளம் போட்டு, அதன்மேல் படுக்கையாகக் கட்டைகளைக் கிடத்தி, தூண்களை அவற்றில் பொருத்தினார்கள். மரம் மண்ணைத் தொடவில்லை. போர்குண்ட் 800 ஆண்டுகளாக நிற்பதற்கு இது பெரிய காரணம். சுவரும் அப்படித்தான்: கீழே ஒரு கட்டை, மேலே ஒரு கட்டை, இரு பக்கமும் தூண், நடுவில் செங்குத்தாகப் பலகைகள்.

நம் தச்சர்கள் வாசலுக்குச் செய்வதும் இதே சட்டம் அல்லவா! அதில் நிமிர்ந்து நிற்பதை நிலைக்கால் என்கிறோம். ஆயிரங்கால் மண்டபம் என்று சொல்லிப் பழகிய நமக்குக் 'கால்' புதிதும் அல்ல. ஆகவே என் பரிந்துரை 'நிலைக்கால் தேவாலயம்'. மண்ணில் நட்ட பழைய வகைக்கு 'நடுகால் தேவாலயம்'. 'மரக்கால்' வேண்டாம், அது நெல் அளக்கும் ஓர் அளவை.

நகலை 'மாதிரி' என்று எழுத வேண்டாம். மாதிரி என்றால் மேசைமேல் வைக்கும் சிறு பொம்மை நினைவுக்கு வரும். நகல் என்பதே சரி.

—

> பழைய வகைக்கு 'நடுகால்'

நிலைக்கால் அருமை, என் 'பலகை'யைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் நடுகால் என்றால் நடுவில் உள்ள கால் என்றுதான் பலரும் படிப்பார்கள். 'ஊன்றுகால்' என்று வைத்தால் குழப்பம் வராதே? பந்தலுக்குக் கால் ஊன்றுவது எல்லாருக்கும் தெரியும்.

—

ஊன்றுகால் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, ஐயா. நம் சொற்பட்டியலில் அதையே சேர்த்துவிடுகிறேன்.